கை கழுவாதவள்

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு பேரூராட்சி, சாப்பிடுமுன் கை கழுவச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் பிரசாரம் செய்தது. அது பலித்ததா என்று வீடு வீடாகக் கேட்டு வருவது என் வேலை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கையைக்கூடத் துடைக்காமல் வடையைப் பிட்டுத் தின்றுவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். ஊருக்குத்தானே உபதேசம்! மேலதிகாரிக்கோ ஒரே கேள்விதான்: “கழுவுறாங்களா, இல்லையா?”

குப்பத்தின் கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாரும் கை கழுவுகிறீர்களா என்று கேட்டேன்.

“எல்லாரும் கழுவிட்டாங்கம்மா. நான் ஒருத்திதான் இன்னும் கழுவல.”

கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சோப்பு, கிருமி, வயிற்றுப்போக்கு என்று மனப்பாடமாக ஒப்பிக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டவள், “உள்ள வந்து பாரும்மா” என்றாள்.

உள்ளே பாயில் அவள் புருஷன் கிடந்தான். படகைத் தள்ளும்போது அலை புரட்டி அடித்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதலில் அவன் தம்பிகள் வருவதை நிறுத்தினார்களாம். பிறகு பெற்ற பிள்ளைகளும். அவள் சொன்னது எந்தக் கை கழுவல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவன் என்னைப் பார்த்துப் பேசினான். “சிறுசேரில இவ தங்கச்சி ஒரு கம்பெனில கூட்டிப் பெருக்குற வேல பாக்குது. தங்கறதுக்கு எடம் கீது, வந்துடு வந்துடுன்னு கூப்டுகினே கீது. போனா பொழச்சிக்குவா. நான் சொன்னா சண்டைக்கு வர்றா.”

மூச்சு வாங்கிக்கொண்டான்.

“எத்தினி வூட்ல சொல்லிகினு வர்ற நீ. இவளாண்டயும் சொல்லும்மா. கை கழுவிடச் சொல்லு.”

அவளைப் பார்த்தேன். அவனைத் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தாள்.

“சொல்லிடாதம்மா,” என்றாள், அவனுக்குக் கேட்காத குரலில். “இன்னிக்கு யாராச்சும் சொன்னா நான் பூடுவேன்.”