நின்று நின்று வந்த தொண்ணூறு கிலோமீட்டர்

காலை ஒன்பது மணிக்குக் காயல்பட்டினத்தில் பேருந்தை விட்டு இறங்கியபோது என் கையில் ஒரு ஹெல்மெட் மட்டும் இருந்தது. வண்டி இல்லாமல் ஹெல்மெட்டோடு பயணம் செய்கிறவனை வழியெல்லாம் ஒரு தினுசாகத்தான் பார்த்தார்கள். கல்லிடைக்குறிச்சியில் நானும் என் மனைவி செல்வியும் அப்பளம் போட்டு, சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். கடை கடையாகப் போய் வந்த எங்கள் மொபெட் சென்ற மழையோடு கண்ணை மூடிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பதினெட்டாயிரத்துக்கு வருகிறது என்று தெரிந்தவர் சொன்னதும், செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"வண்டி தானா ஓடி வாசலுக்கு வந்தா வச்சுக்கிடுவோம். லோடு ஆட்டோவுல ஏறி வந்துச்சுன்னா இறக்கவே வேண்டாம், அப்படியே திருப்பி அனுப்பிருங்க."

வண்டிக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். மனைவி மக்களையும் அங்கே கூட்டிக்கொண்டுவிட்டதால் விற்கச் சொல்லிவிட்டார். அதுவரை அதைக் காத்தவர் அவருடைய வாப்பா. தெருவே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுகிறது. கடற்காற்றில் கதவுக் கொண்டிகூடத் துருப்பிடிக்கிற ஊரில், இரண்டு வருஷம் சும்மா நின்ற வண்டி பளபளவென்று இருந்தது. மெத்தை விரிப்பால் போர்த்தி, வெள்ளி நிறப் பாகங்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தார். நான் மிதிக்கப் போனபோது தடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மிதித்தார். ஒரே மிதி, என்ஜின் எடுத்துவிட்டது. எனக்கு வாயெல்லாம் பல். கொஞ்ச நேரத்தில் அவசரமாக அணைத்துவிட்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று உள்ளே கூட்டிப் போனார். இடியாப்பமும் கறியும் வைத்தார்கள். எதற்கு அத்தனை அவசரமாக அணைத்தார் என்று அந்தக் கறி வாசனையில் நான் யோசிக்கவே இல்லை.

பத்தரை மணிக்குக் கிளம்பினேன். ஐந்து கிலோமீட்டர் தாண்டியதும் ஆறுமுகநேரி ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்தேன். வண்டி இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தபோதும் நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். வியர்வை உப்பளக் காற்றில் காய்ந்து சட்டை விறைத்துப் போனது. கடைசியில் மீன் பெட்டியோடு வந்த ஒருவர் இறங்கித் தள்ளிவிட்டார். கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி எடுத்தது. புகையைப் பார்த்து அவர், இது டீசல் வண்டியா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எங்கே வேகம் குறைத்தேனோ அங்கெல்லாம் நின்றது. ஆழ்வார்திருநகரியில் ஒரு டீக்கடை ஓரமாக பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மை பூசியது போல் கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. கடைக்காரரிடம் உப்புத்தாள் வாங்கித் தேய்த்துப் போட்டதும் ஓடியது. செய்துங்கநல்லூரில் மறுபடி நின்றது. மறுபடி தேய்த்தேன். வலது பக்கம் தாமிரபரணித் தண்ணீரில் வயலெல்லாம் பச்சையாகக் கிடந்தது. அதை ரசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்?

மேலப்பாளையம் வந்து சேர இரண்டு மணி ஆகிவிட்டது. அங்கே பட்டறை வைத்திருக்கும் மைதீன் நம்பிக்கையோடுதான் ஆரம்பித்தார். புது பிளக் போட்டார், நூற்றிருபது ரூபாய். ஏர் பில்டரைத் தட்டினார். மெதுவோட்டத்தைச் சரிசெய்கிற ஐடில் திருகாணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். எடுத்தது, ஒரு நிமிஷத்தில் நின்றது. கார்புரேட்டர் ஓரத்தில் இருக்கும் சோக் நெம்பைக் கீழே தள்ளிப் பார்த்தார். குளிர்ந்து கிடக்கும் என்ஜினை எழுப்புவதற்காகக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் நெம்பு அது; மேலே இருந்தால் சோக் போட்டிருக்கிறது, கீழே தள்ளினால் எடுத்தாயிற்று என்று அர்த்தம். கொஞ்சம் இறங்கிவிட்டு மேலேயே ஏறிக்கொண்டது. "உப்புக் காத்துல துரு ஏறிப் போச்சு அண்ணாச்சி. கார்புரேட்டர மாத்தணும், சாமான் நாளைக்குத்தான் வரும். இப்போதைக்கு ஒரு லோடு ஆட்டோவப் பிடிங்க" என்றார்.

லோடு ஆட்டோ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் செல்வியின் நிபந்தனைதான் ஞாபகம் வந்தது. எங்கே வருகிறேன் என்று செல்வி ஃபோனில் கேட்டாள். மேலப்பாளையத்தில் டீ குடிக்கிறேன் என்று பொய் சொன்னேன். சும்மா நிற்க முடியாமல் பழந்துணியை எடுத்து கார்புரேட்டரைத் துடைக்க ஆரம்பித்தேன். துணி எதிலோ மாட்டி இழுத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை விட்டுப் பார்த்தால் விரல் அறுபடுகிறது. மைதீன் செல்போன் விளக்கை அடித்தார். மீன் பிடிக்கிற நைலான் நரம்பால், சோக் நெம்பைக் கீழே இறங்க விடாமல் யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"நானும் ரெண்டு தடவ பாத்தேன், கண்ணுல படலியே" என்று மைதீன் தலையைச் சொறிந்தார்.

ஹாஜியாரைக் கூப்பிட்டேன். நல்ல கோபத்தில்தான் இருந்தேன். நரம்பைப் பற்றிச் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "மறந்தே போச்சு தம்பி" என்றார். "மவன் வெள்ளிக்கிழமதோறும் ஜும்ஆ தொழுக முடிஞ்சதும் வீடியோவுல வருவான். வண்டி சத்தத்தக் கேக்கணும்பான். ஒரு நாளு பாதியில நின்னு போச்சு, அவன் மொகமே வாடிருச்சு. சோக்கு போட்டாத்தான் ரெண்டு நிமிசம் நிக்காம ஓடுது. அதுவும் நடுக்கத்துல தானா இறங்கிருது. அதான் கெட்டி வச்சேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அந்த வண்டி வெள்ளிக்கிழமை தோறும் இரண்டே நிமிஷம், மகனின் காதுக்காக மட்டும் ஓடியிருக்கிறது. காலையில் அவர் அவசரமாக அணைத்ததும் அந்தப் பழக்கத்தில்தான். பரவாயில்லை ஹாஜியார், வண்டி நல்ல வண்டி என்று சொல்லி வைத்தேன். அதை நம்பித்தான் சொன்னேனா என்று இப்போதும் தெரியாது.

நரம்பை அறுத்து நெம்பை இறக்கினால், வண்டி எடுக்கவே இல்லை. மைதீனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. நோய் வேறு, நரம்பு அதற்குப் பார்த்த கைவைத்தியம் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்தார். நின்ற இடத்திலேயே நின்றதில் பெட்ரோல் பிசினாக மாறி, என்ஜின் மெதுவாக ஓடுவதற்கான ஊசித்துளையை அடைத்திருந்தது. ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிக் குத்தி, காற்றடித்து, திரும்ப மாட்டி மிதித்தார். சோக் இல்லாமல் எடுத்தது. கையை எடுத்தார். நிற்கவில்லை. நாங்கள் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான்கரைக்குக் கிளம்பினேன். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர். மேற்கே மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரை விட்டு ஓட்டினேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. உரக்கப் பாடக்கூடச் செய்தேன், ஹெல்மெட்டுக்குள்தான்.

கல்லிடைக்குறிச்சிக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். செல்வி வாசலில் நின்றாள். அணைக்காமலே நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"அணைச்சிட்டு மறுபடி எடுங்க, பாப்போம்."

காயல்பட்டினத்தில் இருந்தவரை இந்த வண்டிக்குச் சத்தம் வந்தால் போதும், துபாயிலிருந்து கேட்க ஒரு மகன் இருந்தார். என் வீட்டில் பரீட்சை வேறு மாதிரி. அணைத்தேன். மிதித்தேன், எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு மிதி மிதித்தேன். எடுத்துவிட்டது.

செல்வி உள்ளே போனாள். நாளைக்கு அம்பாசமுத்திரம் கடைக்குப் போக வேண்டிய அப்பளக் கட்டுகளைத் தூக்கி வந்து, பின் சீட்டில் வைத்து அளவு பார்த்தாள்.

"பைய ஓட்டுங்க, அவசரப்படாம. நொறுங்கிச்சுன்னா வண்டி மேல பழியப் போடாதிய."