பாக்கியம் நின்ற மூலை

போன வாரம் இந்தப் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சையை ஒரு பிடி பிடித்திருந்தேன். மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு மார்க், யோசிக்கிற பிள்ளைக்கு முட்டை... கிளிகளைப் பாஸ் போடுகிற பரீட்சை இது என்று முடித்திருந்தேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

மூன்றாம் நாள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டேன்.

பரளச்சி பஸ் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண்மணி, கையில் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி நேராக என்னைப் பார்த்து வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. தோளில் ரெக்சின் பை, கக்கத்தில் குடை.

"சார், கிளின்னு எழுதிட்டீகளே... என்னையும் சேத்துத்தான எழுதிருக்கீக?"

முகம் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. அந்தக் குரலில் நான் ஒரு காலத்தில் ஜாமெட்ரி கேட்டிருக்கிறேன்!

"மரியக்கா!" என்றேன்.

இவரைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் போன வாரம் எழுதியதில் பாதி செல்லாமல் போய்விடும். போகட்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கார்டு வரும் வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க வேண்டாமே என்று, அருப்புக்கோட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் நடந்த டுடோரியலில் பாடம் எடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் பத்தாவதில் கோட்டை விட்டவர்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. மரியபுஷ்பத்துக்கு இருபத்தெட்டு. அதனால் அவர் எனக்கு அக்கா. நான் அவருக்கு சார்.

பரளச்சிப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. லோடு லாரியில் போன புருஷன் ஒரு தடவை திரும்பி வரவில்லை. வடக்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது. இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். பருத்திக்காட்டுக் கூலியில் பிழைப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாகப் போகிறது என்று தகவல் வந்திருந்தது. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறியாகிவிட்டது. கணக்கு மட்டும் மூன்று தடவை காலை வாரிவிட்டது. இந்த மார்ச்சிலும் வாரிவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பிறகு ஆயுசுக்கும் பருத்திக்காடுதான்.

நான் அப்போது பெரிய கொள்கைவாதி. புரியாமல் ஒரு வரிகூடப் படிக்கக்கூடாது என்பது என் கட்சி. மரியக்காவோ கணக்குப் புத்தகத்தை ஜெபப் புத்தகம் மாதிரி படிப்பார். தேற்றம் மட்டுமா? கணக்கும் மனப்பாடம், விடையும் மனப்பாடம்! ஒரு நாள் கேள்வியில் நம்பரை மாற்றிக் கொடுத்தேன். பழைய விடையையே எழுதிக்கொண்டு வந்தார்.

"அக்கா, நம்பர் மாறியிருக்கே?"

"மாறட்டும் சார். புத்தகத்துல பதினேழுதான போட்டுருக்கு?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதீங்கக்கா. புரிஞ்சு படிங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை.

"புரியிறப்ப புரியட்டும் சார். பரீட்ச அது வரைக்கும் நிக்குமா?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் ஒரு வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. அவருடைய ஹால் டிக்கெட்டோ எங்கள் டுடோரியல் விலாசத்துக்கு வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஊரில் விசாரித்தால், பருத்தி எடுப்பு நடக்கிறது, காட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

போனேன். கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்து, மடியில் பருத்தியைச் சேர்த்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். கிட்டே போகப் போக ஒரு ராகம் கேட்டது.

மரியக்கா வேதக்கார வீட்டுப் பெண். அது தவக்காலம். அவர்கள் கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும்போது, முன்னால் ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதே ராகம். ஆனால் வரிகள்...

"ஏபிசி ஒரு செங்கோண முக்கோணம்..."

"ஆகவே, நிரூபிக்கப்பட்டது!"

"பி-யில் செங்கோணம்..."

"ஆகவே, நிரூபிக்கப்பட்டது!"

முதல் வரியிலேயே நிரூபித்துவிட்டார்கள்!

திருநீறு பூசிய நெற்றிகளும் சேர்ந்துதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. வரப்பில் நின்ற காட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏத்தா, பருத்தி எடுக்கீகளா, பூச வைக்கீகளா?"

"ரெண்டுந்தான் மொதலாளி. மரியா பாஸாகணும்ல?" என்றது ஒரு குரல்.

என்னைப் பார்த்ததும் மரியக்கா வெட்கப்பட்டார். ஹால் டிக்கெட்டை முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். பிறகு தன் ஏற்பாட்டை விளக்கினார்.

"மூலை மறந்து மறந்து போகுது சார். அதான் ஆளுக்கொரு மூலை குடுத்துட்டேன். ஏ-க்கு அன்னம்மா. சி-க்குச் செல்லத்தாயி. வரப்பு மடங்குற மூலையில பி, நம்ம பாக்கியம். அந்தா, அன்னம்மாவுக்கும் செல்லத்தாயிக்கும் நடுவுல தண்ணிக்குடம் இருக்குல்ல? பாக்கியம் நேரா நடந்து போயி தண்ணி குடிக்கிற எடம் டி."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் அவர்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பலகையில் சாக்பீஸால் நான் போட்ட அந்த முக்கோணம், வரப்பும் குடமும் ஆட்களுமாக வெயிலில் விரிந்து கிடந்தது! ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது பழைய குணம் தலைதூக்கியது. என்ன இருந்தாலும் இது மனப்பாடம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்குப் பரீட்சை அன்று மத்தியானம், என் மாணவர்கள் ஒவ்வொருவராக மாடிப்படி ஏறி வந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. "சார், அந்தச் செங்கோண முக்கோணத் தேற்றம் வரல. வேற ஏதோ வந்துருக்கு."

வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். அதே தேற்றம்தான். ஏபிசிக்குப் பதிலாக எக்ஸ், ஒய், இசட் என்று பெயர். செங்கோணமும் நடு எழுத்தில் இல்லை. முதல் எழுத்தான எக்ஸில். அவ்வளவே! புரிந்து படிப்பவர்கள் என்று நான் மெச்சிக்கொண்டிருந்த இரண்டு பேர்கூட ஏபிசியையே எழுதிவிட்டு வந்திருந்தார்கள். நானாவது ஒரு நாள் பலகையில் எழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறேனா? இல்லை. மூன்று வருஷம் கல்லூரியில் படித்த எனக்கும் செங்கோணம் என்றால் பி-தான்.

நம்பர் மாறினாலே பதினேழு என்பவர், எழுத்தே மாறினால் என்ன செய்வார்? மரியக்கா வேலை போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன்.

அவர் கடைசியாக வந்தார். நிதானமாகப் பெஞ்சில் உட்கார்ந்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

"மொதல்ல கண்ணக் கட்டிருச்சு சார். ஏபிசியக் காணோம். எந்திரிச்சு வந்துரலாமான்னு இருந்துச்சு. எம் மக மொகம் வந்து நிக்கிது. அப்பத்தான் நெனச்சேன்... பாக்கியம் ஒரு நா காச்சல்னு வரலைன்னா, அந்த நெரை சும்மாவா கெடக்கும்? வேற ஆளு வந்து பிடிக்கும்ல? காடு அதே காடு. மூலை அதே மூலை. ஆளுதான சார் மாறிருக்கு! எக்ஸக் கொண்டு போயி பாக்கியம் நின்ன மூலையில நிப்பாட்டிட்டேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அப்புறம்?"

"அப்புறந்தான் சார் ஒண்ணு தெரிஞ்சது. அவ தண்ணி குடிக்க நேரா நடந்தா காடு ரெண்டு துண்டாகுதுல்ல? அந்த ரெண்டு துண்டும் பெரிய காட்டு சாடைதான் சார். ஆத்தா சாடையில ரெண்டு மக மாதிரி. பெருசு சிறுசுதான் வித்தியாசம். நான் இம்புட்டு நாளா ஒப்பிச்ச வரியெல்லாம் அதத்தான சொல்லுது?"

வடிவொத்த முக்கோணங்கள்! அந்தத் தேற்றத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. எழுத்து வெறும் ஆள், இடம்தான் முக்கியம் என்பது அல்ஜீப்ராவின் பாலபாடம். இரண்டையும் ஒருவர் பரீட்சை ஹாலில், சூப்பர்வைசர் நடமாட்டத்துக்கு நடுவே, யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், கும்பிடத் தோன்றியது.

மரியக்கா பாஸ். அந்த வேலையும் கிடைத்தது.

சரி, பரீட்சை மனப்பாடத்துக்குத்தான் மார்க் போடுகிறதா? ஆமாம், இப்போதும் அதையேதான் சொல்வேன். அந்தப் பேப்பரைத் திருத்தியவர் எந்த ஊரிலோ உட்கார்ந்து, அந்தத் தேற்றத்துக்கு முழு மார்க் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். முந்தைய வருஷம் ஏபிசியை அப்படியே ஒப்பித்த ஒருவருக்கும் அதே மார்க்தான். ஒரு மனசுக்குள் ஒரு கதவு திறந்தது அவருக்கு எப்படித் தெரியும்? விடைத்தாளில் அதற்கு இடம் இல்லையே!

பஸ் ஸ்டாண்டில் மரியக்கா இன்னும் என்னை விடவில்லை.

"அப்போ மனப்பாடம்தான் நல்லதுங்கிறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொல்லல சார். அன்னிக்குப் புரிஞ்சது. ஆனா புரியிறதுக்கு அது மொதல்ல எனக்குள்ள கெடக்கணும்ல? எம் மக இப்பப் பத்தாவது. ஒப்பிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். ஒப்பிச்சு முடிச்சதும் எழுத்த மாத்திக் குடுத்துருவேன்."

எத்தனை கல்வி மாநாட்டுப் பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன்! இதை ஒருவரும் சொன்னதில்லை.

"எங்க, நீங்க சொல்லுங்க பாப்போம் சார், அந்தத் தேற்றத்த" என்றார் சிரித்தபடி.

இதென்ன பிரமாதம்? ஆரம்பித்தேன். செங்கோண முக்கோணம்... செங்குத்துக்கோடு... அதற்குப் பிறகு? மூன்றாவது வரியில் நாக்கு நின்றுவிட்டது. எல்லாம் புரிகிறது, ஒன்றும் வரவில்லை! கண்டக்டர் விசில் ஊதினார். மரியக்கா படியில் ஏறி நின்று, அதே மன்றாட்டு ராகத்தில் மீதியைச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வரி வந்தபோது பஸ் நகர்ந்துவிட்டது.

அப்போது ஜன்னலோரச் சீட்டிலிருந்து, மடியில் பையை வைத்திருந்த இன்னொரு பெண் தலையை நீட்டி, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கணீரென்று சொன்னார்:

"ஆகவே, நிரூபிக்கப்பட்டது!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாக்கியம்.

அவருக்குப் புரிந்திருக்குமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் — அந்த மூலையில் நின்றவர் அவர். பலகையில் வரைந்தவன் மட்டும்தான் நான்.