வீட்டோட மாப்பிள்ளைக்கு ஊசி

"தூங்குற பூனை மேலேர்ந்து கைய எடுக்குற மாதிரி கிளட்ச்சை விடணும். அது முழிச்சிக்கக் கூடாது." பயிற்சி வண்டியின் பக்கத்து இருக்கையில் சாய்ந்தபடி டீச்சர் இதைச் சொல்லும்போது அவருடைய வலது கால், தனக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கின் மேல் தயாராக இருக்கும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போதும் அப்படித்தான். திரையில் ஒரு கார் வேகமாகத் திரும்பினால் இங்கே அந்தக் கால் தரையை அழுத்தும்.

இருபத்தைந்து வருடமாக ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கை நடுங்குகிறது என்று யாராவது சொன்னால், "பயத்தை இறக்கிவிட்டுட்டு ஏறுங்க, அது பின்னாடி நடந்து வரட்டும்" என்பார். கையில் எப்போதும் ஒரு துண்டு. பயிற்சிக்கு வருகிறவர்களின் உள்ளங்கை வியர்வையை ஸ்டியரிங்கிலிருந்து துடைத்துத் துடைத்தே அது நிறம் மாறிவிட்டது.

அவரிடம் கற்றுத் தேறாத ஒரே ஆள் அவருடைய சொந்த அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தங்கை வீட்டில் வந்து தங்கியவர். ஆறு வருடத்துக்கு முன்னால் மூன்றாவது பாடத்திலேயே ஒரு பள்ளிக்கூடச் சுவரில் வண்டியை ஏற்றினார். ஏற்றியதோடு விடாமல், வேடிக்கை பார்த்த கூட்டத்தின் முன்னால், "வாத்தியார் சரியில்லை" என்றும் சொல்லிவிட்டார். டீச்சர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் ஒரே கூரையின் கீழ் பேசாமல் எப்படி வாழ்வது? அதற்குத்தான் பூனை. ஒரு மழை நாளில் அழைக்காமல் வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு எதிர்பார்த்ததால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர்.

"மாப்பிள்ளை, பால் தீர்ந்துபோச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு" என்பார் அண்ணன்.

"மாப்பிள்ளை, காலையிலேயே சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்னு கேளுங்க" என்பார் டீச்சர்.

இரண்டையும் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளை வாலை நக்கிக்கொண்டிருக்கும்.

அந்த மாப்பிள்ளை போன மாதம் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. எவ்வளவு தின்றாலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டே வந்தது. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய் என்றார். காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று, இன்சுலின் ஊசி. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், ஒரு யூனிட்டுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது, கூடினால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து.

அப்போதுதான் தெரிந்தது, டீச்சருக்கு ஊசி என்றால் எவ்வளவு பயம் என்று. புட்டியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவதுவரை சரியாக இருக்கும். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடிப்பதும் சரிதான். ஊசி நெருங்கும்போது கை தந்தியடிக்கும். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, ஒண்ணுமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஒருவழியாகக் குத்திவிடுவார். மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது. டீச்சர்தான் பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். அண்ணன் இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்ப்பார்.

ஒன்பதாம் நாள் காலை வகுப்புக்குப் போன இடத்தில், ஒருவர் மேம்பாலத்தின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டார். அவரைத் தேற்றி இறக்கிக் கொண்டுவருவதற்குள் ஏழே முக்கால். ஓட்டமாக வீட்டுக்கு வந்தால் அண்ணன் கடைக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்டிருக்கிறது, நல்லதாயிற்று என்று டீச்சர் ஊசியைப் போட்டார்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை கள் குடித்தவன் போல நடந்து வந்தது. நாற்காலிக் காலில் முட்டியது. பின்னங்கால்கள் மடங்கி அப்படியே சாய்ந்தது.

"ஊசி சரியாத்தானே போட்டேன்!" என்று டீச்சர் அலறினார்.

கடையிலிருந்து திரும்பியிருந்த அண்ணனின் முகம் வெளுத்தது. அவர் பூனையைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார். "நீயும் போட்டியா?"

"நீயுமா?"

"ஏழு மணி தாண்டிடுச்சேன்னு… மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

ஆறு வருடக் கோபத்தை நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அண்ணன் தேனை விரலில் தொட்டு மாப்பிள்ளையின் ஈறில் தடவினார். டீச்சர் சாவியை எடுத்தார். கூரையில் 'பயிற்சி வண்டி' என்ற பலகையோடு அந்தக் கார் அன்று போன வேகத்தைப் பார்த்து ஒரு பேருந்தே ஒதுங்கி வழிவிட்டது. பின்னால் பூனையை மடியில் போட்டுக்கொண்டு அண்ணன், "மெதுவா போ… இல்ல, வேகமா போ… கண்ணைத் திறக்குறான், வேகமாவே போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஊசி போட எப்ப கத்துக்கிட்ட?" டீச்சர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவரைப் பார்க்காமலே கேட்டார்.

"நீ கிளாஸுக்குப் போறப்ப. ஆரஞ்சுப் பழத்துல தண்ணிய ஏத்தி ஏத்தி. உன் கை நடுங்குறத என்னால பார்க்க முடியல."

டீச்சர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் மாலைவரை குளுக்கோஸ் ஏறியது. மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டது, மருத்துவரின் கையைக் கடித்ததிலிருந்து அது உறுதியானது. மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ரத்தம் பார்த்துட்டு சொல்றேன், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கலாம். யார் போட்டாலும் இன்னொருத்தர்கிட்ட வாயால சொல்லிடணும், அவ்வளவுதான். ஒரே வீட்டுல இருக்கீங்க, பேசிக்குவீங்கல்ல?"

இருவரும் பள்ளிப் பிள்ளைகள் போலத் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் மாலை ஏழு மணி. மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்து மேசை மேல் ஏறி அமர்ந்தது. டீச்சர் தோலைத் தூக்கிப் பிடித்தார். அண்ணன் ஊசியை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு யூனிட் கோட்டைத் தேடிக் கண்ணைச் சுருக்கினார். தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். முந்தின நாள் அவசரத்தில், காரின் பின்னிருக்கையில் தன் மூக்குக் கண்ணாடி மேலேயே அவர் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

டீச்சர் ஒரு கையால் பூனையை விடாமல் பிடித்துக்கொண்டே, மறு கையால் தன் கண்ணாடியைக் கழற்றி அண்ணனின் மூக்கில் மாட்டினார்; காதுக்குப் பின்னால் கம்பியைச் சரியாகப் பொருத்திவிட்டார்.