கல்யாணக் காரும் நோயாளிக் காரும்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஹட்டனில் பஸ் ஏறினேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பிக்கிறவன். பழைய கார் என்றால் எனக்குப் பைத்தியம். டயகமவுக்கு ஆறு கிலோமீட்டர் மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெருமாள் என்பவரிடம் இரண்டு வாடகைக் கார்கள் நிற்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். எது உசத்தி என்று பார்த்து எழுதுவதுதான் திட்டம்.

பத்தரை மணி. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இரண்டும் நின்றன. ஒன்று ஐம்பதுகளின் மொரிஸ் மைனர், மற்றது எண்பதுகளின் லான்சர். மொரிஸ் உருண்டை முகம். திரும்பும்போது திசை காட்டப் பக்கவாட்டில் சின்னக் கை ஒன்று எழும்பும். லான்சர் பெட்டி மாதிரி, ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்காது. என் மனம் மொரிஸில் விழுந்துவிட்டது. பெருமாள் அவற்றைப் பிரித்த விதம் வேறு. மொரிஸைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“இது பொண்ணு மாப்பிள்ள ஏறுற காருங்க சார். நோயாளி, பொணமெல்லாம் லான்சர்ல. மாத்தி ஏத்துனா ஒருத்தரும் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க.”

மறுநாள் அவருடைய மகள் சுகந்திக்கே கல்யாணம். மொரிஸில் சிவப்பு ரிப்பன் கட்டியாகிவிட்டது.

பதினொன்றேகாலுக்கு மலையில் கூச்சல். கொழுந்து பறித்தவர்களைக் குளவி கொட்டிவிட்டது. பெருமாளின் தம்பி இரண்டு பெண்களை லான்சரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவர் போன பிறகுதான், தண்ணீர் ஓடும் வடிகானுக்குள் விழுந்து கிடந்த லெச்சுமி என்ற இன்னொரு பெண்ணைக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை.

“அண்ணே, கார எடுங்க,” என்றான் அவள் புருஷன்.

பெருமாள் சாவியோடு நின்றார். தம்பிக்குப் போன் எடுத்தார், சிக்னல் இல்லை. மறுபடியும் எடுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“அண்ணை, உயிர் போகுது. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுகந்திதான் ஓடிவந்து ரிப்பனைப் பிய்த்தெறிந்தாள். “ஏத்துங்கப்பா.” அதுவரை அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை.

நானும் கூடவே போனேன். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் மொரிஸ் ஒரு குறையும் வைக்காமல் ஓடியது. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது லெச்சுமிக்கு மூச்சில்லை. உள்ளே, லான்சரில் வந்த இருவரும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு லெச்சுமியின் சாவுக்கு லயத்தில் தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். பெருமாள் மொரிஸின் பின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேன் ஒண்ணு சொல்லிடுறேன்ம்மா. இதுல நீ ஏற வேணாம்.”

“வேன் எதுக்கு? லான்சர்லயே போறேன்,” என்றாள் சுகந்தி. “அதுல போனவங்க உசுரோட இருக்காங்கல்ல.”

நான் பஸ்ஸுக்கு இறங்கி நடந்தபோதும் பெருமாள் அந்தச் சீட்டைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.