ஒன்பது கோடுகள்

பிளாட் புஷ் வீட்டுச் சமையலறை மேசையில் பேத்தி பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் கீறுகிறாள். தாத்தாமாருக்கு இரண்டு பெட்டிகள். தாத்தாமாரின் சகோதரர்களையும் சேர்த்தால் அவளுக்கு ஐந்து தாத்தாமார். சொன்னேன்.

"ஒன்லி டூ, தாத்தா."

அவளுடைய அழிறப்பர் வாசம் என்னை இதே நகரின் பிளாக்ஹவுஸ் பே பகுதிக்கு இழுத்துப் போயிற்று. எண்பதுகளில் அங்கே மிஸ் மோராவின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வாசலுக்குப் பதினான்கு படி.

"நீர் எண்ணாத சாமான் இந்த வீட்டில ஏதும் மிச்சமிருக்கோ?" என்பார் மிஸ். ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழே கதைக்கிறார்கள்.

அவரிடம் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய, நாற்பத்து மூன்று பழைய கடிதங்கள். அன்றைக்கே இருநூறு வருடங்களுக்கு முன் டப்ளின் பாராளுமன்றத்தில் அங்கத்தவராக இருந்த அவருடைய முன்னோர் ஒருவர் எழுதியவை. அந்த மனிதர் சபையில் ஒரேயொரு தடவைதான் பேசினாராம், அதுவும் ஒரு பாலத்தைப் பற்றி. கடிதங்களிலோ பிள்ளைகளின் இருமலும் சப்பாத்தும்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

என் கையெழுத்து நல்லதென்று தன் வம்சாவளியைக் கீறச் சொன்னார் மிஸ். பதிலுக்கு என் விசா மனுவுக்குக் கடிதம் தட்டச்சுச் செய்து தருவதாகப் பேச்சு. என் தம்பியும் அவன் மனைவியும் ஊரில் இறந்துபோக, அவர்களின் இரண்டு பெண்களையும் இங்கே கூப்பிட முயன்றுகொண்டிருந்தேன். எனக்குக் கலியாணம் ஆகவில்லை.

பென்சிலால் கீறிக் கொடுத்தேன். மிஸ் கண்ணாடியை மாட்டினார்.

"அங்கத்தவருக்கு நாலு பிள்ளையள். நீர் ஒன்பது கோடு கீறியிருக்கிறீர்."

"அவரின்ர தம்பியின்ர அஞ்சும் சேர்த்து, மிஸ். தம்பி காய்ச்சலில போனாப்பிறகு இவர்தானே வளர்த்தவர். பெரியப்பா எண்டால் தகப்பன்தானே."

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "விசாப் படிவத்திலயும் உப்பிடித்தான் எழுதினனீரோ?"

"ஓம். பிள்ளையள் ரெண்டு."

"கலியாணம் கட்டாத மனுசனுக்கு ரெண்டு பிள்ளை! பொய் எண்டு தூக்கி எறிவாங்கள். பிறகு அதுகள் வந்த மாதிரித்தான். கொண்டு வாரும் இஞ்சை!"

மறுநாள் தபாலில் போடவிருந்த படிவம். நான் ஏழு தடவை சரிபார்த்தது.

'தம்பியின் மகள்கள்' என்று திருத்தினோம். எங்கள் வழக்கத்தை விளக்கி மிஸ் ஒரு கடிதம் தட்டினார். தன் வீட்டிலும் அப்படி நடந்ததென்று அங்கத்தவரையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

வம்சாவளியையும் திருத்த அழிறப்பரை எடுத்தேன்.

"அதை விடும். அந்த அஞ்சில ஒண்டின்ர வழியிலதான் நானும்."

எட்டு மாதம் கழித்துப் பெண்கள் மங்கரே விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள். மூத்தவளின் மகள்தான் இப்போது மரம் கீறுகிறவள்.

மிஸ் மோரா இல்லை. அந்த வளவில் இன்று மூன்று வீடுகள். தகரமும் தாளும் யாரிடம் போயினவோ. ஒன்பது என்று வேறெங்கும் எழுதியிராது.

பேத்தியின் தாளில் ஒரு பெட்டியில் என் தம்பியின் பெயர். மற்றதில் அவளுடைய தகப்பனின் தகப்பன். எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான்.