கர்த்தருக்குப் பதில் கண்ணாளன்

லுவெல்லா வயசுப் பெண்ணாக இருந்தபோது செய்த காரியத்தைத் திருட்டு என்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அவள் அக்கா எர்னஸ்டீன் மட்டும் சொன்னாள், அதுவும் முகத்துக்கு நேரே.

அவர்களுடைய அம்மா சபையில் தானே கட்டிப் பாடிய பாட்டு அது. ‘கர்த்தாவே, விளக்கை அணைக்காதேயும், நான் வீடு வந்து சேரும்வரை.’ ரெக்கார்டு போடுகிறவன் ஒருவன் அதை லுவெல்லா பாடக் கேட்டுச் சொக்கிப்போனான். “கர்த்தரை மட்டும் எடுத்துடு கண்ணு, மிச்சமெல்லாம் தங்கம்” என்றான். எடுத்தாள். கர்த்தாவே என்ற இடத்தில் கண்ணாளா என்று வைத்தாள். இரண்டாவது சரணத்தை அப்படியே தூக்கி எறிந்துவிட்டுக் கட்டிலும் நிலாவுமாகப் புதிதாக எழுதிக்கொண்டாள். அடேயப்பா, என்ன ஓட்டம் ஓடியது அந்த ரெக்கார்டு! சிகாகோவரை மதுக்கடைக்கு மதுக்கடை அவள் குரல்தான். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. முதல் பெஞ்சை விட்டு எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனவள், சாகிறவரை அங்கேயே உட்கார்ந்தாள். அந்தப் பாட்டை மறுபடி பாடவேயில்லை.

அப்புறம் டிஸ்கோ வந்தது. லுவெல்லாவைச் சீண்ட ஆளில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் சோளரொட்டி சுட்டுக் காலம் தள்ளினாள். தலை நரைத்தபிறகு, இங்கிலாந்தில் யாரோ பையன்கள் அந்தப் பழைய ரெக்கார்டைத் தோண்டியெடுத்துக் கொண்டாடினார்கள். மறுபடி மேடை, மறுபடி ஜிகினா கவுன், பத்திரிகையில் படம். அவளுக்கு இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்? ஆனால் கைதட்டல் கேட்கும்போதெல்லாம் கடைசி பெஞ்சுக்கு நடந்துபோன அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது.

சபையின் ஆண்டு விழாவுக்கு எர்னஸ்டீன் கூப்பிட்டாள்.

“ஊரெல்லாம் போய்ப் பாடறியே, இங்க வந்து ஒரு தடவை பாடு. அம்மா பாட்டை அம்மா வார்த்தையில. எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டுப் போடி.”

“குடுத்துடறேன்க்கா. சத்தியமா.”

வாரம் முழுக்க அடுப்படியில் கர்த்தாவே, கர்த்தாவே என்று முதல் சரணத்தையே பழகினாள். இரண்டாவது, ரத்தத்தில் ஊறியதாயிற்றே, நின்றால் தானாக வரும் என்று நம்பினாள்.

ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றாள். வாய் மூடி உட்காருகிற சபையா அது?

“பாடும்மா!”

“அவசரமில்ல கண்ணு, நிதானமாப் பாடு!”

கண்ணை மூடினாள். ஆர்கன் ஏறியது. உருகி, குரல் உச்சிக்குப் போன இடத்தில் வாய் சொன்னது: “கண்ணாளா…”

மானம் கப்பலேறியது. ஆர்கன்காரன் கையெடுத்துவிட்டான். சபையார் கையில் ஆடிய விசிறிகள் நின்றன. தொப்பிக்காரம்மா ஒருத்தி, “கர்த்தரே, அவளுக்கு ஒத்தாசை செய்யும்!” என்றாள். அந்தச் சபையில் அது ஜெபமில்லை, பாட்டைக் கெடுத்தவளுக்குக் கிடைக்கிற குட்டு.

லுவெல்லா நாக்கைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். கர்த்தரை ஒழுங்காகக் கூப்பிட்டாள். இரண்டாவது சரணத்துக்கு வந்தாள். ஒன்றும் வரவில்லை.

இளகிய மனசுக்காரர்கள், தவிக்கவிடுவார்களா? கைகொடுக்க மொத்தச் சபையும் சேர்ந்து பாடியது. கட்டிலையும் நிலாவையும்தான் பாடியது! சபை மூப்பர் கிரேடி கண்ணை மூடிக் காலால் தாளம் தட்டி, ஒரு சொல் விடாமல் பாடினார். பாதியில் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குபீரென்று சிரிப்பு.

“அட பாவிங்களா, இத்தனை பேரும் கதவைச் சாத்திட்டு அந்த ரெக்கார்டைக் கேட்டிருக்கீங்க!” என்று போதகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சிஸ்டர், உன்னை இனி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது!”

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். லுவெல்லா சிரிக்கவில்லை. அக்காவிடம் ஓடினாள்.

“அக்கா, அம்மாவோட ரெண்டாவது சரணம். ஒரு வார்த்தை எடுத்துக் குடு, பிடிச்சுக்கறேன்.”

எர்னஸ்டீன் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“எனக்கும் உன்னோடதுதான்டி வருது” என்று அழுதாள்.

லுவெல்லா கிழவிகளின் பெஞ்சுக்குப் போய் ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். தொப்பிகள் வரிசையாக இல்லை இல்லை என்று ஆடின.

“அம்மா, உன் பாட்டைக் கொன்னுட்டேனே” என்று கூசிப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். கர்த்தரின் ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து, சபை இன்னும் பலமாகக் கைதட்டியது.