கல்லைத் தூக்கிய பின் எண்ணியது

2007 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. முதுகலை விலங்கியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். குகையில் வாழும், சாட்டைபோல நீண்ட முன்கால் கொண்ட சாட்டைச் சிலந்தியைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். நேரில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

திண்டுக்கல்லில் 6.10க்குப் பேருந்து. நிலக்கோட்டைக்கு ஒரு மணி நேரம், ஒன்பது ரூபாய். பூச்சந்தையைத் தாண்டி ஆட்டோ. மலையடிவாரம் வரை அறுபது ரூபாய். (பேரம் பேசலாம். நான் பேசவில்லை.) பிறகு இருபது நிமிட ஏற்றம்.

குகை வாசலில் ஒருவர் நின்றிருந்தார். அந்தோணி அண்ணன், மல்லிகை பயிரிடுபவர். வருடத்துக்கு ஒருமுறை வௌவால் புழுக்கையை அள்ளிக்கொண்டு போய்ச் செடிகளுக்கு உரமாகப் போடுவாராம். கையில் ஆறு சாக்கு, ஒரு கட்டு வைக்கோல், தீப்பெட்டி. உள்ளே புகைமூட்டம் போட்டு, பூச்சியெல்லாம் செத்தபின் அள்ளுவது வழக்கம்.

இருட்டில் செடி முளைக்காது. வௌவால் வெளியே தின்றுவிட்டு வந்து போடும் எச்சம்தான் அங்கே சோறு. அதைத் தின்னும் பூச்சிகள். பூச்சிகளைத் தின்னும் சிலந்தி. ஒரு கட்டு வைக்கோலில் எல்லாம் முடிந்துவிடும். தட்டுத்தடுமாறி அவரிடம் சொன்னேன்.

"பூச்சியப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தீக?" என்றார். "தேளு மாதிரி கெடக்கு தம்பி. கடிச்சா நீங்களா வந்து வைத்தியம் பாப்பீக?"

அதற்கு விஷமே இல்லை என்றேன். நம்பவில்லை. நான் டார்ச் பிடிக்கிறேன், முன்பாதியில் மட்டும் அள்ளுங்கள், முதலில் நானே கை வைக்கிறேன் என்றேன். சிரித்தார். வைக்கோலை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார்.

நாலு சாக்கு நிரம்பியது. காலியான இரண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பின்பாதியில், ஒரு தட்டைக் கல்லின் அடியில் நூல்போன்ற முன்கால் அசைந்தது. கல்லைத் தூக்கினேன். தாய்ச் சிலந்தி. முதுகு நிறைய வெளிறிய குஞ்சுகள். கேமராவை எடுத்து ஃபிளாஷ் அடித்தேன். ஓரடி துள்ளி நின்றது. குஞ்சுகள் சில உதிர்ந்தன. முதல் தோல் உரிக்குமுன் விழுந்த குஞ்சு பிழைக்காது. படித்திருக்கிறேன். தேர்விலும் எழுதியிருக்கிறேன்.

அந்தோணி அண்ணன் குனிந்து பார்த்தார். "கல்ல இருந்த மாதிரியே வைங்க தம்பி. மெதுவா."

போகிறவர்களுக்கு: முழுக்கைச் சட்டை, மூக்கை மூடத் துணி, இரண்டு டார்ச். சிலந்தி மிரளாதிருக்க டார்ச் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டுங்கள். கல் எதையும் தொடாதீர்கள். திரும்ப 2.30க்குப் பேருந்து. எந்த மலை என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

படம் தெளிவாக வந்திருக்கிறது. முதுகில் பதினொரு குஞ்சுகள். உதிர்ந்தபின் தரையில் எண்ணிய மூன்றும் அந்தப் பதினொன்றில் இருக்கின்றன.